மாவுச்சத்து தவிர்ப்பவருக்கு கிறிஸ்துமஸ் விருந்தில் என்ன தொடுகறி செய்யலாம்?

ராயபுரத்து மாமியார் வீட்டு விருந்துக்கு, மாவுச்சத்தே கூடாத நாத்தனாருக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உருளை, சேனை, வாழைக்காய், பருப்பு கூடாதென்று உங்களுக்கே தெரியும். மாட்டிவிடுவது ஒளிந்திருக்கும் மாவுதான். கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். தாளிப்பில் உளுந்து, குருமாவில் பொட்டுக்கடலை, வறுவல் மசாலா பாக்கெட்டில் சோளமாவு!

காசிமேட்டில் வஞ்சிரம் வாங்குங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, உப்பு மட்டும் தடவி அரை மணி ஊறவையுங்கள். கல் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, ஓரம் சிவக்கும்வரை திருப்பாதீர்கள். மாவில்லாமலே மொறுமொறுப்பாக வரும். கூடவே கடுகு, கறிவேப்பிலை மட்டும் தாளித்த முட்டைக்கோஸ் பொரியல், வெள்ளரித் தயிர்ப் பச்சடி. குருமா வேண்டுமென்றால் தேங்காயும் கசகசாவும் அரைத்து காலிஃபிளவரில் செய்யுங்கள். எல்லாருக்குமே இதையே பரிமாறுங்கள். தனித் தட்டு வைத்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும்.