வாசகர் கேள்வி – பதில்: அடிபட்டதும் ஐ.டி.யை முடக்கிவிட்டார்கள்

கேள்வி: சென்னையில் உணவு டெலிவரி செய்கிறேன். ஆர்டரோடு போகும்போது கார் இடித்துக் கால் எலும்பு முறிந்தது. மூன்று வாரம் லாகின் செய்யாததால் ஐ.டி.யை முடக்கிவிட்டார்கள். கேட்டால், 'நீங்கள் ஊழியர் இல்லை, பார்ட்னர்' என்கிறார்கள். எனக்கு ஏதாவது கிடைக்குமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கிடைக்கும். முதலில் காரின் இன்ஷூரன்ஸைப் பிடியுங்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நீங்கள் ஊழியரா, பார்ட்னரா என்ற கேள்வியே எழாது. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். குடியிருக்கும் பகுதியிலேயே போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனை ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் தேவை. பலர் கோட்டைவிடுவது வருமானச் சான்றில்தான். அது இல்லையென்றால் தீர்ப்பாயம் உத்தேசமாக ஒரு தொகையை வைத்துக் கணக்கிடும். நீங்கள் நிஜமாகச் சம்பாதித்ததைவிட அது குறைந்துபோகலாம். வாராவாரம் பணம் ஏறிய வங்கிக் கணக்கின் ஓராண்டு ஸ்டேட்மென்ட்டை முத்திரையோடு வாங்கிவிடுங்கள்.

அடுத்தது நிறுவனத்தின் விபத்துக் காப்பீடு. ஆர்டரை ஏற்றதிலிருந்து ஒப்படைக்கும்வரைதான் செல்லும் என்று நிபந்தனை போட்ட பாலிசிகள் உண்டு. அதனால் ஆர்டர் எண்ணும் நேரமும் உயிர்நாடி. ஐ.டி. முடங்கினால் ஆப்பில் இருக்கும் அந்தப் பதிவும் கைவிட்டுப் போகும். ஆர்டர் விவரம், பாலிசி எண், முடக்கிய காரணம் மூன்றையும் இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் பேசியது சாட்சிக்கு நிற்காது. வாடிக்கையாளரை அழைத்த போன் பதிவை அழிக்காதீர்கள். வேலையில் இருக்கும் மற்றவர்கள் வாரச் சம்பாத்தியப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைப்பது நல்லது.

முடக்கத்தை எதிர்ப்பதுதான் கடினம். ஆப் வழி வேலை செய்பவர்களுக்கான கர்நாடகத்தின் 2025 சட்டம், பொதுவாக 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்துமூலக் காரணமும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. அது கர்நாடகத்துக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் உங்களைப் போன்றவர்களுக்காக 2023-இல் அமைந்த நல வாரியம் உதவித்தொகைக்கானது; பதிவு செய்யாதவர்கள் உடனே செய்யுங்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த மத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்களின் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை நல நிதிக்குக் கேட்கிறது. ஆனால் உங்களை முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியேதான் நிறுத்துகிறது. கூலியையும் ஆர்டரையும் ஆப்பே தீர்மானிக்கும்போது, அடிபட்ட அன்று மட்டும் 'பார்ட்னர்' என்று கைகழுவுவது அநியாயம்.

கேள்வி: டெலிவரிக்கு ஓட்டும் சொந்த பைக்குக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் போதுமா?
– வாசகி, திருச்சி

பதில்: பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பத்தியைப் படியுங்கள். வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் விலக்கு என்று இருந்தால், வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகும். டெலிவரிக்கு ஓட்டுவதை எழுத்தில் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியிலேயே பதியச் சொல்லுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை செல்லாது.