ஆறு மாதம் முடிந்தும் குழந்தை உட்காரவில்லை; தலையணை வைத்துப் பழக்கலாமா?

தலையணை வேண்டாம். உங்கள் மகன் குப்புறக் கவிழ்கிறான், தலையை நன்றாகத் தூக்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உட்காருவதற்கான வேலை அங்கேதான் நடந்துகொண்டிருக்கிறது.

என் மகளை ஐந்தரை மாதத்திலேயே சுற்றிலும் தலையணை அடுக்கி உட்காரவைத்தேன். முதுகு வில்லாக வளைந்து, தாடை மார்பில் முட்டியது. விழாமல் இருக்க இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டிருந்தாள். கிலுகிலுப்பை ஒரு சாண் தள்ளி உருண்டதும் அழத் தொடங்கினாள். சாய்ந்து எடுக்கவும் தெரியவில்லை, படுக்கவும் தெரியவில்லை. வைத்த இடத்தில் சிக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரியவே பல நாள் ஆயிற்று.

அடுத்துப் பிறந்த மகனைத் தரையிலேயே விட்டேன். விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து கவனித்தபடி குப்புறப் போடுவேன். பொம்மையைக் கைக்கு எட்டியும் எட்டாமலும் பக்கவாட்டில் வைப்பேன். அதை எடுக்கத் திரும்பித் திரும்பித்தான் இடுப்பும் விலாவும் உரம் பெறுகின்றன. எட்டாம் மாதத்தில் ஒரு நாள் கையும் முழங்காலும் ஊன்றி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தவன், இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்தான். தொடை தரையைத் தொட்டது. ஒரு கையால் தரையைத் தள்ளினான், உட்கார்ந்துவிட்டான்! ஊன்றிய கையை மெல்ல எடுத்துப் பார்த்தான், உடனே மறுபடியும் ஊன்றிக்கொண்டான். அன்று மட்டும் பத்துப் பன்னிரண்டு முறை அதையே செய்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தைகள் பிடிமானமின்றி உட்காரும் வயது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை விரிகிறது. ஐந்து மாத இடைவெளி! நம் பிள்ளைத்தமிழும் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைக்கு, அதாவது கை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவதற்குக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்துக்குத்தான் வைத்திருக்கிறது. குழந்தை தானாக எட்டாத நிலையில் அதை நாம் வைக்கக் கூடாது என்று ஹங்கேரியின் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் வலியுறுத்தினார். 1946-இல் புடாபெஸ்டில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் அப்படித்தான் வளர்த்தார்கள்.

இதற்காக மடியில் உட்காரவைக்கவே கூடாது என்று பயப்படாதீர்கள். இடுப்பைப் பிடித்து மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் விளையாடலாம். திட உணவு ஊட்டும்போது தலை நிமிர்ந்து உட்காரவைப்பது அவசியமும்கூட. மணிக்கணக்கில் இருக்கையில் சாய்த்து வைப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

குறைமாதப் பிரசவம் என்றால், பிறக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிடுங்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் என்பது நான்கு மாதம்தான். ஆனால் ஒன்பது மாதம் முடிந்தும் பிடிமானமின்றி உட்காராவிட்டால், உடம்பு துவண்டோ விறைத்தோ இருந்தால், ஒரு பக்கக் கையை மட்டுமே பயன்படுத்தினால், முன்பு செய்ததைச் செய்யாமல் விட்டுவிட்டால், காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவன் உட்காரத் தொடங்கிய பின் ஒன்றில் கவனமாக இருங்கள். விழும்போது கை ஊன்றிக்கொள்ளும் பழக்கம் முதலில் முன்பக்கமும், பிறகு பக்கவாட்டிலும், கடைசியில்தான் பின்பக்கமும் வரும். ஆகவே முதல் சில வாரங்கள் கட்டிலில் வேண்டாம். தரையில் விரிப்பைப் போட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.