மிலான் 'இறுதி இராவுணவு': ஒளிவட்டம் எங்கே போனது?

வணக்கம். லியனார்டோ டா வின்சி சுவரில் தீட்டிய இந்த ஓவியத்தில் இயேசுவுக்கு ஒளிவட்டம் இல்லையே, பழுது பார்க்கும்போது சுரண்டிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அவர் வரையவே இல்லை. தலைக்குப் பின்னால் இருக்கும் சன்னலைப் பாருங்கள். அந்த வெளிச்சமே ஒளிவட்டத்தின் வேலையைச் செய்கிறது. ஓவியத்தில் உள்ள கூரைக் கோடுகளை நீட்டினால் எல்லாம் இயேசுவின் வலது நெற்றிப்பொட்டில் வந்து சேரும். அங்கே ஆணி அடித்த துளையே இருக்கிறது! லியனார்டோ அதில் நூல் கட்டிக் கோடு பிடித்திருப்பார்.

நிறம் உதிர்ந்தது வேறு கதை. ஈரச் சுண்ணாம்பில் வரைந்தால் அது காய்வதற்குள் முடிக்க வேண்டும். நின்று நிதானித்துத் திருத்துகிறவருக்கு அது சரிப்படுமா? காய்ந்த சுவரில் தீட்டினார், அவர் காலத்திலேயே உரியத் தொடங்கியது. 1978 முதல் 1999 வரை செப்பனிட்டும் மிஞ்சியது இவ்வளவுதான்.

அப்புறம், இயேசுவின் பாதங்களைத் தேடாதீர்கள். 1652இல் அந்த இடத்தில் கதவு வைத்துவிட்டார்கள், படுபாவிகள்.