இலவச சட்ட ஆலோசனை தரும் வழக்கறிஞர் ஏன் என் வழக்கை நடத்துவதில்லை?

சிங்கப்பூரில் பல சமூக மன்றங்களிலும் சில வழிபாட்டுத் தலங்களிலும் மாலை வேளைகளில் வழக்கறிஞர்கள் தொண்டாக வந்து அமர்கிறார்கள். இதைத்தான் இலவச சட்ட ஆலோசனை என்கிறோம். உங்கள் சிக்கல் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது, அடுத்து எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று சொல்வது அவர்கள் வேலை. பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் பரிசோதித்துவிட்டு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருவதுபோல. அறுவை சிகிச்சை அங்கே நடக்காது.

வாடகை முன்பணம் திரும்பக் கிடைக்காத ஓர் அக்கா, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கறிஞர் முதலில் தேடுவது கையெழுத்தையும் தேதியையும்தான். அரை மணி நேரம்கூட இல்லாத சந்திப்பில் ஒரு தரப்புக் கதையை மட்டுமே கேட்க முடியும். எதிர்த்தரப்பு அந்த வழக்கறிஞருடைய நிறுவனத்தின் வாடிக்கையாளராகவும் இருக்கலாம். வழக்கை ஏற்றுவிட்டால் இறுதிவரை பொறுப்பு. அதை நின்ற நிலையில் ஏற்பது நேர்மையல்ல.

வசதி குறைந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிவில் வழக்குகளில் உதவ, 1958 முதல் அரசின் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. குற்ற வழக்குகளுக்கு 2022 இறுதியில் தனி அலுவலகம் வந்தது. 20,000 வெள்ளிக்கு உட்பட்ட சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்திலோ வழக்கறிஞரே வாதாட முடியாது.

பலர் தவறாக நினைப்பது இது: ஆலோசனை பெற்றுவிட்டால் நீதிமன்றத்துக்குப் பதில் தருவதற்கான கெடு நின்றுவிடும் என்று. நிற்காது, அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.