சிஞ்சேரோவில் பாதி விலை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஜூலையில் மனைவி, மகள், மாமியார் (வயது 68) ஆகியோருடன் பெரு செல்கிறேன். குஸ்கோவில் இறங்கிய மறுநாள் நெசவுக்குப் பேர்போன சிஞ்சேரோ, அங்கிருந்து ஒயந்தைதம்போ, பிறகு மச்சு பிச்சு என்று திட்டம். சிஞ்சேரோவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். போதுமா? அங்கே சாயம் போட்டு, நூற்று, நெய்து காட்டுவதெல்லாம் பயணிகளுக்கான நாடகம் என்று போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரே மாதிரி தெரியும் போர்வை ஒரு இடத்தில் 60 சோல் (பெரு நாணயம்), இன்னொரு இடத்தில் 900 சோலாம். பாதி விலையிலிருந்து பேரத்தைத் தொடங்கலாமா? அங்கே புது விமான நிலையம் கட்டுகிறார்களாமே, அது வந்தபிறகு போவது வசதியா? நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி?

கே., கோவை

அன்புள்ள கே.,

ஆண்டிஸ் மலைப் பகுதி நெசவைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதத்தில் இருந்த ‘பாதி விலை’ அதை இன்றைக்கே எழுத வைத்துவிட்டது.

முதலில் மாமியார். குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். சிஞ்சேரோ சுமார் 3,760. கடல்மட்டத்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் 68 வயதுக்காரரை மறுநாளே இன்னும் மேலே ஏற்ற அப்படி என்ன அவசரம்? திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். குஸ்கோவில் இறங்கியதும் நேராக உருபம்பா பள்ளத்தாக்குக்கு, ஏறத்தாழ 2,870 மீட்டருக்கு, போய் இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து ஒயந்தைதம்போ, மச்சு பிச்சு. குஸ்கோவுக்குத் திரும்பும் வழியில் சிஞ்சேரோ. அதற்குள் உடம்பு பழகியிருக்கும். உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை வழக்கமாக 125 மி.கி. வீதம் தினம் இருவேளை, மேலே ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து கொடுப்பார்கள். சல்பா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் சிக்கல். அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும், நீங்களோ நானோ அல்ல. கோகா இலைத் தேநீர் இதமாக இருக்கும், ஆனால் அதை மருந்துக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

விமான நிலையக் கேள்வியை நான் வாசிக்கவில்லை. அந்த மேட்டுநிலத்தில் ஓடுபாதை வேண்டாம் என்று தொல்லியலாளர்களும் வரலாற்றாசிரியர்களும் 2019இல் கையெழுத்து திரட்டினார்கள். வேலை கிடைக்கும் என்று வரவேற்பவர்களும் ஊரில் உண்டு. அந்த வழக்குக்குள் நாம் போகவேண்டாம். இருக்கும் சாலையே போதும், குஸ்கோவிலிருந்து பகிர்வு வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

நாடகம் என்கிறார்களா உங்கள் நண்பர்கள்? ஆமாம், அந்த இருபது நிமிடம் நாடகம்தான். வேரைத் துருவித் தண்ணீரில் போட்டு நுரை கிளப்பி அழுக்குக் கம்பளியை வெளுத்துக் காட்டுவார்கள். உள்ளங்கையில் காய்ந்த பூச்சி ஒன்றை நசுக்கி உதட்டில் தீற்றிக்கொண்டு சிரிப்பார்கள். எலுமிச்சை பிழிந்ததும் சிவப்பு ஆரஞ்சாக மாறும். வாரக்கணக்கான வேலையின் சுருக்கம் அது. ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பூச்சி கொச்சினீல், சப்பாத்திக்கள்ளியில் அப்பிக்கொண்டு வாழ்வது. பெண்பூச்சியின் உடம்பில் உள்ள கார்மினிக் அமிலம்தான் சாயம். புளிப்பு சேர்ந்தால் ஆரஞ்சுப் பக்கமும் காரம் சேர்ந்தால் ஊதாப் பக்கமும் போகும்.

உண்மையான சாயம் எப்படி என்று கேளுங்கள். நன்றாகக் கழுவிய கம்பளி நூல் ஒரு கிலோவுக்கு, சாயம் பிடிப்பதற்காக, 150 கிராம் வரை படிகாரம். அந்த நீரில் நூலை ஒரு மணி நேரம் மிதமாகக் கொதிக்கவிட்டு ஊறவைக்க வேண்டும். பிறகு 50 முதல் 100 கிராம் பொடித்த கொச்சினீல் கரைத்த நீரில் இன்னொரு மணி நேரமாவது. அந்த உயரத்தில் தண்ணீர் 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் எதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு போகாத நூலில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். இரும்புப் பானையில் காய்ச்சினால் சிவப்பு கருத்து மங்கும். கொதிக்கும் நூலைத் தூக்கிக் குளிர்ந்த நீரில் போட்டால் கம்பளி சுருங்கிக் கட்டி தட்டிப் போகக்கூடும், அப்படிப் போனதை எவராலும் நெய்யமுடியாது. (இந்தப் பூச்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வளர்க்க ஆசைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் அதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ வேறு இனப் பூச்சி. சாயம் மட்டம். ஆனால் பிற்பாடு தென்னிந்தியாவில் மண்டிக்கிடந்த ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது அதுதான். இதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.)

இப்போது அந்த 900 சோல் துணிக்கு வருகிறேன். அதன் பெயர் லிக்யா. பெண்கள் தோளில் போர்த்துவதும், முதுகில் பிள்ளையையும் உருளைக்கிழங்கையும் கட்டிச் சுமப்பதும் அதில்தான். தயவுசெய்து பூவேலையை முதலில் பார்க்காதீர்கள். விளிம்பைப் பாருங்கள்.

காஞ்சிபுரத்தில் சேலை நெய்து முடிந்ததும் பாவு நூலை, அதாவது நெடுக்கு நூலை, கத்தரித்துத் தறியிலிருந்து எடுப்பார்கள். சிஞ்சேரோவின் இடுப்புத் தறியில் கத்தரிக்கு வேலையே இல்லை. இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, தரையில் அடித்த முளைகளுக்கிடையே நூலுருண்டையை மாறி மாறி எறிந்து ஒரே தொடர்ச்சியாகப் பாவு ஓட்டுகிறார்கள். ஒருவர் தளர்த்தியாக விட்டால், நெய்தபின் துணி அந்த இடத்தில் தொப்பை போடும். பாவின் ஒரு முனை கம்பத்தில், மறுமுனை நெய்பவரின் இடுப்பு வாரில். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். ஒவ்வொரு வரிக்கும் எந்த நூல் மேலே எந்த நூல் கீழே என்று விரலால் பொறுக்கி எடுத்து, ஊடை என்ற குறுக்கு நூலைச் செலுத்தி, லாமா என்ற விலங்கின் எலும்பில் செய்த ருக்கியால் நெருக்கித் தட்டுகிறார்கள். முன்னால் படம் எதுவும் இல்லை, எண்ணிக்கை முழுக்க மனதில். சிறுமிகள் ஹக்கிமா என்ற விரல் அகல நாடாவில் தொடங்கி இதைப் பழகுகிறார்கள்.

நூலுக்கும் ஒரு கணக்கு உண்டு. தக்ளியில் ஒற்றை இழையாக நூற்று, இரண்டு இழையைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கி, சாயம் போட்டபின் நெசவுக்கு முன் இன்னொரு முறை முறுக்கேற்றுகிறார்கள். இந்த நெசவில் பாவு நூல் நெருக்கியடித்துக்கொண்டு நின்று ஊடையை முழுக்க மறைத்துவிடும். முறுக்கு போதாவிட்டால் நூல்கள் உரசிப் பஞ்சு கிளம்பும், பாவைப் பிரிக்கும் நூற்கண்ணியான விழுதைத் தூக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அறுந்துபோகும்.

கடைசி நான்கு விரற்கடை வரும்போது பாவு திறக்க இடமிருக்காது. பெரிய கட்டைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, மெல்லிய குச்சிக்கும் பிறகு ஊசிக்கும் மாறி, வரிவரியாக நுழைத்து முடிக்கவேண்டும். உற்றுப்பார்த்தால் ஒரு முனைக்குப் பக்கத்தில் பூவேலை சற்று நெருங்கியோ தளர்ந்தோ தெரியும். அதைக் குறை என்று காட்டி விலையைக் குறைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கே., அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள். கையால் நெய்தது என்பதற்கு அந்த இடம்தான் சாட்சி.

கை எட்டும் அகலத்துக்குத்தான் நெய்யமுடியும் என்பதால் லிக்யா இரண்டு பாதிகளாக நெய்து நடுவில் தைத்து இணைக்கப்பட்டிருக்கும். நடுவில் தையல் இருக்கிறதா? நான்கு பக்கமும் வெட்டில்லாத கரையா? சுற்றிலும் ஞாவி அவப்பா என்ற குழல்போன்ற ஓரம் இருக்கிறதா? அந்த ஓரத்தைத் தனியாக நெய்து ஒட்டுவதில்லை, நெய்துகொண்டே துணியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு போவார்கள். துணியைப் புரட்டுங்கள். பூவேலைப் பட்டையில் அதே உருவம் பின்பக்கம் நிறம் மாறித் தெரிந்தால் கைவேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெட்டி மடித்து மெஷினில் ஓரம் அடித்திருந்தால், அகலம் முழுக்க ஒரே துண்டாக இருந்தால், அது உங்கள் 60 சோல் அக்ரிலிக். அதுவும் கெட்ட பொருள் இல்லை, புல்வெளியில் விரித்து உட்கார வாங்கிக்கொள்ளுங்கள். பளீரென்ற ரோஸ் நிறத்தைக் கண்டு போலி என்று முடிவு கட்டவேண்டாம். ரசாயனச் சாயம் ஆண்டிஸுக்கு வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது, ஊர்ப் பெண்களுக்கே அந்த நிறங்கள் பிடிக்கும். சந்தேகமிருந்தால் உதிரி நூல் ஒன்று கேட்டு வாங்கி வெளியே போய்க் கொளுத்துங்கள். கம்பளியானால் முடி கருகும் வாடை வந்து சாம்பல் பொடியும், அக்ரிலிக்கானால் உருகிக் கெட்டி மணியாகும். கடைக்குள் லைட்டரை எடுத்தால் உங்களுக்கு நான் பொறுப்பில்லை.

இத்தனைக்குப் பிறகு விலை. லிக்யா ஒன்றை நெய்யவே வாரக்கணக்கில் ஆகும், நூல் நூற்பதையும் சாயம் போடுவதையும் சேர்த்தால் மாதக்கணக்கு. 2025 ஜனவரியிலிருந்து பெருவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,130 சோல். 900 சோல் கேட்கும் பெண் ஒரு மாதக் குறைந்தபட்சக் கூலிகூடக் கேட்கவில்லை. அவரிடம் 450 என்று ஆரம்பிக்கப் போகிறீர்களா? மகளை வேறு பக்கத்தில் வைத்துக்கொண்டு? அக்ரிலிக் தொப்பிக்கும் சாவிக்கொத்துக்கும் தாராளமாகப் பேரம் பேசுங்கள். நெய்தவரிடமே இரண்டு மூன்று உருப்படி வாங்கினால் சற்றுக் குறைக்கக் கேட்கலாம், அவர்களும் எதிர்பார்ப்பார்கள். அதைவிட நல்லது ‘யப்பா’ கேட்பது, நம்மூர்க் கொசுறுதான். ஒரு ஹக்கிமா நாடாவைச் சிரித்துக்கொண்டே மேலே வைத்துத் தருவார்கள்.

கண் பழக வேண்டுமானால் குஸ்கோவின் எல் சோல் அவென்யூவில் பாரம்பரிய நெசவு மையத்தின் கடைக்குப் போங்கள். சிஞ்சேரோவில் பிறந்த நில்டா கயஞாவ்பா 1996இல் தொடங்கிய அமைப்பு அது. நெய்தவர் பெயர் போட்ட சீட்டோடு துணி தொங்கும், விலை நிர்ணயம் செய்தது. அங்கே ஒரு மணி நேரம் விளிம்புகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் உங்களை எவரும் ஏமாற்றமுடியாது. என் தலைகீழ்த் திட்டத்தில் குஸ்கோ கடைசியில் வருகிறதே என்பீர்கள். மச்சு பிச்சு முடிந்து முதலில் குஸ்கோவில் தங்கிவிட்டு, ஞாயிறு காலை சிஞ்சேரோவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். பெரிய சந்தை அன்றைக்குத்தான்.

இரண்டு மணி நேரம் போதாது, அரை நாள் வேண்டும். சீக்கிரம் போனால் கீழே ஊர்க்காரர்களின் காய்கறிச் சந்தையைப் பார்த்துவிட்டு மேலே ஏறலாம். மேலே இன்க்கா பேரரசர் துப்பக் இன்க்கா யுப்பான்க்கியின் அரண்மனைச் சுவர்கள் மீது ஸ்பானியர்கள் எழுப்பிய தேவாலயம். உள்ளே படம் எடுக்கக்கூடாது. நுழைவுக்கு குஸ்கோ சுற்றுலாச் சீட்டு செல்லும், பல ஆண்டுகளாக 130 சோல், பத்து நாள். ஜூலை இரவுகளில் உறைபனி விழும், மாமியாருக்குக் கம்பளிக் காலுறை எடுத்துவையுங்கள்.

சாப்பாடு: வேகவைத்த மக்காச்சோளமும் பாலாடைக்கட்டியும் எங்கும் கிடைக்கும். கினுவா சூப் சைவம் என்று நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் காய்ச்சுவார்கள். ‘சின் கார்னே, சின் போயோ, சின் கால்தோ’ (இறைச்சி வேண்டாம், கோழி வேண்டாம், இறைச்சிச் சாறு வேண்டாம்) என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். முதல் இரண்டை மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சூப்பைக் கொண்டுவந்து வைப்பார்கள்.