பண்ணை நாத்தம்: கேட்டாங்க, சொன்னேன்

திருமங்கலம்: அண்ணே, 4,000 பிராய்லர் போட்டிருக்கேன். செட்டுக்கு ரெண்டு பக்கமும் வலைதான். நாத்தம்னு ஊர்க்காரங்க சண்டைக்கு வர்றாங்க. காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் மாட்டலாமா?

பதில்: காசைக் கரியாக்காதீங்க தம்பி. ஃபேன் வெளியே தள்ளுற காத்தைப் பிடிச்சுத்தான் அந்த மெஷின் வேலை செய்யும். வலைச் செட்டுல காத்தை எங்க போய்ப் பிடிக்க? உங்களுக்கு வேலை தரையில இருக்கு. எச்சத்துல உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர் உடைச்சா அம்மோனியா. ஈரம் ஏற ஏற அதுவும் ஏறும். தரையில விரிச்சிருக்குற கூளத்தை ஒரு கை அள்ளி இறுக்குங்க. விரிச்சதும் உதிரணும். உருண்டையா நின்னா, கோழி தண்ணி குடிக்கிற நிப்பிள் குழாய் எங்கயோ ஒழுகுது. கட்டியை அள்ளிட்டு, காஞ்ச கடலைத்தோலோ உமியோ போடுங்க.

செக்கானூரணி: சுண்ணாம்பு தூவினா அடங்குமாமே?

பதில்: ஈரக் கூளத்துல தூவினா காரம் ஏறி, உள்ள கிடக்குற அம்மோனியா எல்லாம் கிளம்பும். கண்ணு எரியும். சூப்பர் பாஸ்பேட், படிகாரம் இது ரெண்டும் அதைப் பிடிச்சு வைக்கும். சுண்ணாம்பு காலிச் செட்டுக்கு வெள்ளையடிக்க ஆகும்.

மேலூர்: எங்களது இ.சி. செட்டு சார், நாலு பக்கமும் அடைச்சு ஃபேன்ல காத்தோட்டம் விடுறது. கடைசியில வரிசையா எக்ஸாஸ்ட் ஃபேன். எங்களுக்கு அந்த மெஷின் ஆகுமா?

பதில்: உங்களுக்கு வழி உண்டு. நெதர்லாந்து, டென்மார்க் பண்ணைகள்ல கந்தக அமிலம் கலந்த தண்ணி வழியா காத்தை விடுறாங்க. அம்மோனியா பெரும்பாலும் அதுல நின்னு அம்மோனியம் சல்பேட்டாகும், உரம். ஆனா நாத்தம்னா அம்மோனியா மட்டுமில்ல; கொழுப்பு அமிலம், கந்தகச் சேர்மம்னு நிறைய. அதுக்கு பயோஃபில்டர்: மரச்சில்லும் மட்கின உரமும் கலந்த படுகை. அடியிலிருந்து காத்து ஏறும். அதுல வளர்ற நுண்ணுயிர் நாத்தத்தைத் தின்னும்.

கணக்கைப் பாருங்க. 50 அங்குல ஃபேன் வினாடிக்குச் சுமார் 10 கன மீட்டர் தள்ளும். காத்து 5 வினாடி தங்கணும்னா 50 கன மீட்டர் படுகை. ஒன்றரை அடி கனத்துக்குப் பரப்புனா 2¾ சென்ட். இது ஒத்த ஃபேனுக்கு! எல்லாத்துக்கும் போட்டா படுகைக்கே ஏகப்பட்ட இடம் போயிடும். அதனால எப்பவும் ஓடுற ஒண்ணு ரெண்டு ஃபேனுக்கு மட்டும் போடுங்க. படுகையில பாதி ஈரம் நிக்கணும்; சித்திரை வெயிலுக்குக் காஞ்சா செத்த குப்பைதான். போர்ல தண்ணி இருக்கான்னு முதல்ல பாருங்க. கூலிங் பேடுக்கு (காத்தைக் குளிர வைக்கிற ஈர அட்டைக்கு) வாங்குன ஃபேன் படுகையை எதிர்த்துத் தள்ளத் திணறும். காத்து குறைஞ்சா கோழி வெக்கையில விழும். எதிரழுத்தம் தாங்குற ஃபேன்னு கேட்டு வாங்குங்க.

அலங்காநல்லூர்: மூணு கறவைதாங்க, மூத்திர வாடை.

பதில்: சாணியும் மூத்திரமும் சேர விடாதீங்கம்மா. சாணியில உள்ள நொதிதான் மூத்திரத்து யூரியாவை அம்மோனியாவாக்குது. தரைக்குச் சரிவு கொடுத்து வாய்க்கால் விடுங்க, போதும்.