கணினி கேள்வி–பதில்: 80-உம் 15-உம் ஏன் 8015 ஆகின்றன?

கேள்வி: தீபாவளிப் பலகார ஆர்டருக்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ஒரு இணையப் பக்கம் எழுதுகிறேன். முறுக்கு ஒரு பொட்டலம் 40 ரேண்ட். இரண்டுக்கு 80 என்று சரியாக வருகிறது. டெலிவரிக் கூலி 15-ஐப் பெட்டியில் தட்டிக் கூட்டினால் 8015 என்கிறது. மாறியை (மதிப்பை வைக்கும் பெயரை) தவறாக அறிவித்துவிட்டேனா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: அறிவிப்பில் பிழையில்லை. பெட்டியை நம்பர் வகையாக வைத்திருந்தாலும் அதன் வேல்யூ (மதிப்பு) ஸ்டிரிங்காகத்தான், அதாவது எண்ணாக அல்லாமல் எழுத்துத் தொடராகத்தான் கைக்கு வரும். பெருக்கல் குறி இருபக்கத்தையும் எண்ணாக மாற்றிக்கொள்ளும். அதனால்தான் 80 வரை கோளாறு தெரியவில்லை. கூட்டல் குறிக்கோ ஒரு பக்கம் ஸ்டிரிங்காக இருந்தாலே போதும், இரண்டையும் ஒட்டிவிடும். பிரவுசரில் கட்டளை தட்டிப் பார்க்கும் இடமான கன்சோலில் 'டைப்ஆஃப் கூலி' என்று தட்டிப் பாருங்கள் (டைப்ஆஃப், லெட், நம்பர் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டவும்), 'ஸ்டிரிங்' என்று வரும். மாறியில் வைக்கும்போதே மாற்றிவிடுங்கள்:

லெட் கூலி = நம்பர்(பெட்டி.வேல்யூ);

இதிலும் கவனம் வேண்டும். காலிப் பெட்டி 0 ஆகிவிடும். பெட்டி டெக்ஸ்ட் வகையாக இருந்து, நம் பள்ளிகளில் கற்றபடி 12,50 என்று காற்புள்ளியோடு தட்டினால் 'என்ஏஎன்' ('எண் அல்ல') வரும். அது நுழைந்த கணக்கு கடைசிவரை என்ஏஎன்தான். முதலில் காற்புள்ளியைப் புள்ளியாக்கி, பிறகு நம்பருக்குக் கொடுங்கள்.

கேள்வி: மாறியை அறிவிக்க வார், லெட், கான்ஸ்ட் – எதை எங்கே போடுவது?
– வாசகர், டோங்காட்

பதில்: கான்ஸ்டில் தொடங்குங்கள். மதிப்பு மாறும் இடத்தில் மட்டும் லெட். இரண்டும் 2015-இல் வந்தவை. புதிதாக எழுதுகிறவருக்கு வார் வேண்டாம். இஃப், ஃபார் அடைப்புக்குள் அறிவித்தாலும் அது ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான நிரல்பகுதி) முழுக்கப் பரவும். அதே பெயரை மறுபடி அறிவித்துப் புது மதிப்புக் கொடுத்தால் பழையது சத்தமில்லாமல் போய்விடும். லெட் அப்படி விடாது, உடனே சின்டாக்ஸ் எரர் காட்டும். பிழை அங்கேயே பிடிபடுவது பெரிய உதவி.

2018 ஏப்ரலில் இங்கே வாட் (மதிப்புக்கூட்டு) வரி 14-லிருந்து 15 சதவீதமானது. விகிதம் மேலே ஒரு கான்ஸ்டில் இருந்தால் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஆனால் கான்ஸ்ட் பூட்டுவது பெயரை மட்டுமே. கான்ஸ்ட் பட்டியலுக்குள் புதுப் பலகாரத்தை 'புஷ்' செய்யலாம் (சேர்க்கலாம்), அந்தப் பெயருக்கு வேறு பட்டியலைக் கொடுத்தால்தான் டைப் எரர்.

கேள்வி: மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: தாராளமாக. இடைவெளியும் இடைக்கோடும் கூடாது, முதலில் எண் வரக்கூடாது. ஒரே ஒரு சிக்கல்: 'மொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் பதிவாகலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை இரண்டு பெயர்கள். 'மொத்தம்' என்று அறிவித்த பிறகும் 'அறிவிக்கப்படவில்லை' என ரெஃபரன்ஸ் எரர் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். இரண்டு கீபோர்டு மென்பொருள்களில் மாறிமாறித் தட்டாமல், அறிவித்த வரியிலிருந்தே பெயரை நகலெடுத்து ஒட்டுங்கள்.